எறும்பு சாட்சி சொன்ன ஆடு

நாட்டில் சர்க்கரை வியாதி பெருகிவருவதைக் கருத்தில் கொண்டு, மேலிடம் ஓசூருக்கு வெளியே ஓர் ஆராய்ச்சி நிலையம் திறந்தது. வியாதியுள்ள பிராணிகளுக்கு நாவல்கொட்டைத் தூள் கொடுத்து, ரத்தத்தில் சர்க்கரை இறங்குகிறதா என்று பார்ப்பது அதன் பணி. கொட்டை மூட்டை மூட்டையாக வந்தது. கொட்டகை வந்தது. அதிகாரியாகச் சின்னராஜ் வந்தார். இரவுக் காவலுக்கு நான் வந்தேன். வியாதியுள்ள பிராணி மட்டும் வரவில்லை.

உண்மையில் ஒன்று வந்திருந்தது, அது நான்தான். பெங்களூர் ஆஸ்பத்திரியில் தினமும் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். ஊசிக்குப் பயந்துதான் இந்த வேலையையே தேடிப் பிடித்தேன். முதல் நாளே ஒரு கைப்பிடித் தூள் கேட்டேன்.

"நீ பிராணி இல்லையே," என்றார் சின்னராஜ். "பிராணிக்குக் குணமாச்சுன்னு மேலிடம் ஒத்துக்கிட்டாத்தான் மனுசனுக்கு. அதுவரைக்கும் பொறுத்துக்க."

ஆக, ஏதோ ஒரு பிராணிக்கு வியாதி வந்து குணமாவதில் என் உயிர் தொங்கியது. ரத்தம் பார்க்கும் கருவியோ இன்னும் வந்துசேரவில்லை. அவர் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது, பழைய பேப்பர் கடையில் வைத்தியப் புஸ்தகம் வாங்கிப் படித்தே மேதையான நான் வாயைத் திறந்தேன். மூத்திரத்தில் எறும்பு மொய்த்தால் சர்க்கரை என்றேன். எங்கள் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த சங்கதிதான். சின்னராஜ் எறும்பைச் சமஸ்கிருதமாக்கி அதற்குப் 'பிபீலிகா பரீட்சை' என்று பெயர் சூட்டி மேலிடத்துக்கு எழுதினார். உடனே அனுமதி வந்தது.

குந்தாரப்பள்ளிச் சந்தையில் தமுக்கடித்தோம். எறும்பு மொய்க்கும் ஆட்டுக்கு நல்ல விலை. அதுவரை அந்தச் சந்தையில் சீக்கை மறைத்துத்தான் ஆடு விற்பார்கள். அன்று திடமான ஆட்டை ஓட்டிவந்தவர்கள் தலை குனிந்து நின்றார்கள். ஆட்டு வியாபாரி வெங்கடம்மா பிடித்துவந்த கிழட்டு வெள்ளாடு நின்ற இடத்தில் எறும்பு சாரை சாரையாக ஊர்ந்தது.

"அசல் சீக்கு சாமி," என்றாள். "இதோட ஆத்தாளுக்கும் இருந்துச்சு."

சின்னராஜ் கண் கலங்கி அதை வாங்கினார்.

ஆடு தூளை மோந்து பார்த்துத் தும்மியது. அவ்வளவு துவர்ப்பு. சிகிச்சை தடைபடலாகாது என்பதால் வெல்லத்தில் உருட்டிக் கொடுக்க உத்தரவாயிற்று. வெல்லத்தைத் 'துணைப்பொருள்' என்று எழுதிவிட்டதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. உருட்டியது நான். கொட்டகையின் சிமெண்டுத் தரையைத் தினமும் பினாயில் ஊற்றிக் கழுவியதும் நான். எறும்பு ஒன்றுகூட வரவில்லை. ஆடு பூரண குணமடைந்ததாக அறிக்கை போயிற்று.

வெல்லத்தோடு சேர்த்தே மருந்தை மேலிடம் அங்கீகரித்தது. பெரிய அதிகாரிகள் பார்சல் கேட்டார்கள். காவேரிப்பட்டினத்துக் கல்யாணங்களில் தாம்பூலத்தோடு உருண்டை வைப்பது நாகரிகமாயிற்று. வியாதி இல்லாதவர்களும் கௌரவத்துக்காக மென்றார்கள். நான் மூன்று வேளையும் பக்தியோடு தின்றேன்.

கால் மரத்தது. கண் மங்கியது. நான் ஒதுங்கும் வேலியோரம் எறும்பு திருவிழா கொண்டாடியது. சின்னராஜிடம் சொன்னேன். உடம்பில் தேங்கிய சர்க்கரையெல்லாம் வெளியேறுகிறது, நல்ல அறிகுறி என்றார். அவரும் அதே வேலியோரம்தான் ஒதுங்குவார்.

சந்தையில் வெங்கடம்மாவைப் பிடித்து, உன் ஆட்டுக்கு நின்ற எறும்பு எனக்கு ஏன் நிற்கவில்லை என்று கேட்டேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அது பேஞ்ச எடத்துல நான் வெல்லத்தண்ணி ஊத்துனேன். வித்தப்புறம் ஊத்தறதுக்கு ஆளில்ல, எறும்பும் வரல. உனக்கு யாருய்யா ஊத்தறாங்க?"

யோசித்துப் பார்த்தேன். நானேதான்.

மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னேன். சின்னராஜ் உருண்டையை மென்றபடி நிதானமாகக் கேட்டார்.

"அந்தம்மா சொல்றது நெசம்னா ஆட்டுக்கு வியாதியே இல்ல. வியாதி இல்லாத ஆட்டுக்கு மருந்து குடுத்தா விதிப்படி குத்தம். நாம குத்தம் பண்ணல. அதனால ஆட்டுக்கு வியாதி இருந்துச்சு."

இன்னொரு உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

வெளியே பெங்களூர் பஸ் ஹாரன் அடித்தது. ஏறிப் போய்விடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். ஊசி ஞாபகம் வந்தது. உருண்டையை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன்.