ஜப்பான் அண்ணையின் ‘மடமட’

உலகத்தில் எந்தக் காற்பந்துக் கழகத்துக்கும் ஜப்பான் அண்ணையைப் போல ஒரு ரசிகர் கிடைத்திருக்க மாட்டார். அவர் தன்னுடைய கழகம் விளையாடி ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. மைதானத்தில் பார்த்ததில்லை, டிவியில் பார்த்ததில்லை. ஜப்பானுக்குப் போனதும் இல்லை. லண்டனுக்கு வந்த பிறகு வெம்பிளியை விட்டு அவர் அதிகதூரம் போனது பக்கத்துச் சவுத்தாலுக்கு, அதுவும் அரிசி மூட்டை தூக்க.

இரண்டாயிரத்துக்குப் பிந்திய அந்த வருடங்களில் நாங்கள் வெம்பிளியில் ஒரு வீட்டில் ஆளுக்கொரு அறையாக இருந்தோம். நான் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் வேலை. குகன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். ஜப்பான் அண்ணைக்குப் பெட்ரோல் ஷெட்டில் ஷிப்ட். எங்கள் தெரு முனையில் நின்று பார்த்தால் உலகமே ஆசைப்படும் அந்தப் பெரிய காற்பந்து மைதானத்தை இடித்துத் திரும்பக் கட்டுவது தெரியும். அண்ணைக்கு அதைப் பற்றி ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. “உந்த லொறிச் சத்தத்தில மட்ச் கேக்க ஏலாமக் கிடக்கு.”

மட்ச் அவருக்குக் கேட்கிற சாமான். மாடிப்படிக்குக் கீழே இருந்த வீட்டுத் தொலைபேசியில், போன் கார்ட் போட்டு, ஜப்பானில் ஒரு கரையோரப் பட்டணத்தை அழைப்பார். அங்கே யாரோ ரிசீவரை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். ஒரு சொல்லும் விளங்காத ஜப்பானிய வர்ணனையை அவர் முழுதாகக் கேட்பார். கோடையில் அது சனிக்கிழமை காலை, குளிர்காலத்தில் விடியப்புறம். எனக்கு நிச்சயம் செய்திருந்த பெண் கொழும்பில் இருந்தாள். அவளோடு கதைக்க எனக்குக் கிடைப்பதும் சனிக்கிழமைதான். நான் என் கார்டைக் கையில் வைத்துக்கொண்டு, சீக்கிரம் வையுங்கோ அண்ணை என்று கெஞ்சியபடி படியில் உட்கார்ந்து கழித்த சனிக்கிழமைகளுக்கு அளவில்லை.

இது தொடங்கிய கதையைச் சொல்லவேண்டும். அந்தப் பட்டணத்தில் அவருடைய தம்பி சேகர், பழைய கார்களைப் பிரித்து ஏற்றுமதி செய்யும் யார்டில் வேலை பார்த்தான். ஊரில் சொந்தத்துக்குள் ஒரு பெண்ணை அண்ணை அவனுக்குப் பேசி, வாக்கும் கொடுத்துவிட்டார். அவனோ ஜப்பான்காரி ஒருத்தியைக் கட்டி, கல்யாணப் படத்தை மட்டும் தபாலில் அனுப்பிவைத்தான். அதோடு அண்ணன் தம்பிக்குள் கதை இல்லை. ஆனாலும் ஏசாமல் விட்டால் நெஞ்சு ஆறாது என்று ஒரு நாள் அண்ணை அழைத்திருக்கிறார். எடுத்தது சேகரின் மனைவி.

“எடுத்த உடனை மோசம் மோசம் எண்டாள் ஐசே. நான் இன்னும் வாயே திறக்கேல்லை.”

அவள் சொன்னது மோஷி மோஷி. ஜப்பானில் எல்லோரும் போனை எடுத்தால் அப்படித்தான் சொல்வார்கள். அண்ணை யாழ்ப்பாணத் தமிழில் ஏசித் தீர்த்ததில் அவளுக்கு விளங்கியது சேகர் என்ற பெயர் மட்டும். ரிசீவரை மேசையில் வைத்துவிட்டு அவனைக் கூப்பிடப் போனாள். அவன் வரமாட்டேன் என்றுவிட்டான். ரிசீவருக்குப் பக்கத்தில் ரேடியோ. ரேடியோவில் உள்ளூர்க் கழகத்தின் மட்ச். கார்டை வீணாக்க மனமில்லாமல் அண்ணை கடைசி விசில் வரைக்கும் கேட்டார். அடுத்த சனிக்கிழமையும் அதே நேரத்துக்கு அழைத்தார். லண்டன் மைத்துனர் தங்கள் கழகத்தின் பெரிய ரசிகர் என்று அந்தப் பெண் தீர்மானித்துவிட்டாள். கேள்வி இல்லாமல் ரிசீவரை ரேடியோவுக்குப் பக்கத்தில் வைத்தாள். இப்படித்தான் ஒரு மனிதர் ரசிகரானார்.

“சேகரோட ரெண்டு சொல்லுக் கதைக்கலாமே அண்ணை?” என்று கேட்டேன்.

“மட்ச் நடக்கேக்கை என்னண்டு கதைக்கிறது?”

“முடிஞ்சாப் பிறகு?”

“முடிஞ்சாப் பிறகு கதைக்கிறதுக்கு என்ன இருக்கு?”

இதற்கு மேல் யாராலும் வாதாட முடியாது. ஆனால் ரேடியோச் சத்தத்துக்குப் பின்னால் அவர் வேறொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு நாள் திடீரென்று கையை உயர்த்தி எங்களை அடக்கினார். “உவன் இருமுறான். இருமலைக் கேட்டே சொல்லுவன், பெனியனோட நிக்கிறான். அந்தக் குளிருக்கை.” அன்றைக்கு எத்தனை கோல் என்று கேட்டதற்கு அவருக்குப் பதில் தெரியவில்லை.

கழகத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மட்ச் நாளில் பெயரைச் சொன்னால் தோற்றுப்போகும் என்பது அண்ணையின் சட்டம், நீங்கள் இதை எந்தக் கிழமையில் படிப்பீர்களோ தெரியாது. அவருக்கு அது ‘எங்கட ரீம்’, எங்கள் அணி. அதன் நிறம் நீலம் என்று எங்களிடம் அடித்துச் சொன்னார். எப்படித் தெரியும் என்றால், “சத்தத்தைக் கேட்டாத் தெரியாதோ?” நீலத்தில் ஒரு மழைக்கோட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டு திரிந்தார். குகன் கல்லூரிக் கம்ப்யூட்டரில் பார்த்துவிட்டு வந்து செம்மஞ்சள் என்றான். அண்ணை அசையவில்லை. “அது வீட்டு மட்சுக்கு. வெளியூர் போனா நீலம்தான்.”

எதிரணியை விட அவர் வெறுத்தது போன் கார்டில் வரும் பெண் குரலை. ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அவள் வெட்டிவிடுவாள். ஒரு தடவை எங்கட ரீமுக்கு பெனால்டி கிடைத்த இடத்தில் வெட்டினாள். அண்ணை இடுப்பில் கட்டிய சாரத்தோடு, குளியலறைச் செருப்போடு, தெருமுனைத் தமிழ்க் கடைக்கு ஓடினார். மூச்சு வாங்க “பெனால்டி, பெனால்டி” என்றார். கடைக்காரர் தலையை ஆட்டினார். “கவுன்சில்காரன் பார்க்கிங் பெனால்டி எழுதிட்டானோ? காரை எங்க விட்டனியள்? அப்பீல் பண்ணுங்கோ, விட்டிடுவாங்கள்.” அண்ணைக்குக் காரே கிடையாது. கார்ட் வாங்கித் திரும்ப அழைத்தபோது ரேடியோவில் மைதானத்துச் சனம் அமைதியாக இருந்தது. “வெளியில அடிச்சிட்டான்” என்று முடிவு சொன்னார். அது சரியாகவும் இருந்தது.

அப்புறம்தான் அந்தச் சொல் வந்தது. எங்கட ரீம் பின்தங்கிவிட்டால் ரேடியோவுக்குப் பக்கத்தில் இருக்கிற அந்தப் பெண் கத்துவாள்: “மடமட! மடமட!” அண்ணை ரிசீவரைப் பொத்திக்கொண்டு எங்களைப் பார்த்தார். முகம் முழுக்கச் சிரிப்பு.

“கேட்டியளோ? மடமடவெண்டு அடிக்கட்டாம். தமிழ் ஐசே. உவன் அவளுக்குத் தமிழ் படிப்பிச்சிருக்கிறான்.”

அன்றைக்கு ரீம் தோற்றது. அவர் எங்களுக்கு ஆட்டிறைச்சிக் கறி சமைத்தார். வீட்டுக்குள் தமிழ் வைத்திருக்கிறவன் அண்ணனையும் எங்கேயோ ஒரு மூலையில் வைத்திருப்பான் என்பது அவர் கணக்கு. அதன் பிறகு பெட்ரோல் ஷெட்டில் வரிசை நீண்டாலும் மடமட, நான் குளியலறைக்குள் போனாலும் மடமட.

குளிர் தொடங்கியபோது குகன் செய்தி கொண்டுவந்தான். கழகத்துக்குப் பணம் கொடுத்த கம்பெனி விலகிவிட்டது. சீசன் முடிய மூடிவிடக் கூடும்.

“மூடினா ரேடியோவில என்ன போடுவாங்கள்?” என்றார் அண்ணை.

“பாட்டுப் போடுவாங்கள்.”

“பாட்டுக் கேக்க ஜப்பானுக்குப் போன் எடுக்கிறது விசர்வேலை எல்லே.”

மட்ச் கேட்க எடுப்பது பைத்தியக்காரத்தனமாக அவருக்குப் படவில்லை. நாங்கள் சிரிக்கவும் இல்லை. ரீம் போனால் அவர் எதைச் சாட்டி அந்த வீட்டை அழைப்பார் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. இரண்டு நாள் அவர் சோற்றை அளைந்துவிட்டு எழும்பினார்.

கடைசி மட்சுக்கு வீடே படியில் உட்கார்ந்தது. அண்ணை தொலைபேசியை ஸ்பீக்கரில் போட்டார். எங்கட ரீம் மூன்று கோல் வாங்கியது. சனம் ஓய்ந்துபோன பிறகும் அந்தப் பெண் மட்டும் தொண்டை கிழிய மடமட என்றாள். விசில் ஊதியது. யாரோ ரேடியோவை நிறுத்தினார்கள். ஆனால் லைன் வெட்டப்படவில்லை. அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. அண்ணை வாயைத் திறந்தார், மூடினார். ஒரு நிமிடம்தான் மிச்சம் என்று கார்ட்காரி சொன்னாள். அந்த நிமிடமும் போய்விட்டது.

“கதைச்சிருக்கலாமே அண்ணை” என்றேன். எனக்குக் கோபமே வந்துவிட்டது.

“மட்ச் முடிஞ்சுது. இனி என்ன?” என்று ரிசீவரை வைத்தார்.

அந்த வாரம் குகன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, நல்லது செய்வதாக நினைத்துக்கொண்டு சொன்னான். “அண்ணை, என்னோட ஒரு ஜப்பான் பெடிச்சி படிக்கிறாள். கேட்டனான். மடமட தமிழ் இல்லையாம்.”

நான் மேசைக்கடியில் அவன் காலை மிதித்தேன். பிந்திவிட்டது.

“அப்ப என்னவாம்?”

“இன்னும் முடியேல்லை எண்டு அர்த்தமாம். இன்னும் கிடக்கு, விடாதை எண்டு.”

அண்ணை பிசைந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப உவன் தமிழ் படிப்பிக்கேல்லை” என்றார். எழுந்து போய் நெடுநேரம் கை கழுவினார். தண்ணீரை நிறுத்திவிட்டு, திரும்பாமலே கேட்டார். “மூண்டு கோல் வாங்கினாப் பிறகும் அவள் அதைத்தானே சொன்னவள்?”

“ஓம் அண்ணை.”

அந்தச் சனிக்கிழமை எனக்கு முதல்முறையாகத் தொலைபேசி காலியாகக் கிடைக்கும் என்று இறங்கி வந்தேன். அண்ணை நீல மழைக்கோட்டோடு அதன் முன்னால் நின்று நம்பர்களை அமத்திக்கொண்டிருந்தார். ஸ்பீக்கரும் போட்டிருந்தார். குகனும் படியில் வந்து உட்கார்ந்தான்.

“மோஷி மோஷி.”

அண்ணை தொண்டையைச் செருமினார். “மடமட” என்றார்.

அவள் உள்ளே பார்த்து என்னவோ கூப்பிட்டாள். செருப்புச் சத்தம் கேட்டது, இருமல் கேட்டது.

“அண்ணை, இண்டைக்கு மட்ச் இல்லை.”

“தெரியும்.”

சேகர் திரும்பவும் இருமினான்.

“இருமலுக்கு மருந்து எடுத்தனியோ?” என்றார் அண்ணை. “உந்தக் குளிருக்கை பெனியனோட நிக்காதை.”

“நான் பெனியனோட நிக்கிறது உங்களுக்கு என்னண்டு தெரியும்?”

நாங்கள் எழுந்து குசினிக்குள் போய்க் கதவைச் சாத்தினோம்.

கழகம் மூடப்படவில்லை. அந்தப் பட்டணத்துச் சனம் சேர்ந்து காப்பாற்றிவிட்டது. தான் விடாமல் கேட்டதால்தான் என்று அண்ணை இன்றைக்கும் நம்புகிறார். ஆனால் அடுத்த சீசன் தொடங்கியதிலிருந்து ஒரு மட்சின் முடிவும் அவருக்குத் தெரியாது. ரேடியோ ஒரு பக்கம் கத்தும், அண்ணனும் தம்பியும் அதற்கு மேலால் கதைத்துக்கொண்டிருப்பார்கள். யார் வென்றது என்று கேட்டால், “பொறும் ஐசே, முக்கியமா ஒண்டு கதைக்கிறம்” என்பார்.

நான் கார்டோடு படியில் காத்திருப்பேன். கொழும்பில் அவளும் காத்திருப்பாள். சீக்கிரம் வையுங்கோ அண்ணை என்று அதற்குப் பிறகு நான் அவரிடம் ஒரு நாளும் சொல்லவில்லை.