முட்டுக் கொடுத்த மூட்டை

மூட்டை கட்டிலுக்கு அடியில் போகமாட்டேன் என்றது.

சாரக்காரன் காலால் தள்ளிப் பார்த்தான். முட்டியால் நெம்பிப் பார்த்தான். கடைசியில் கட்டிலையே ஒரு பக்கம் தூக்கி மூட்டையின் மேல் இறக்கிவிட்டான். மூட்டை உள்ளே போய்விட்டது. கட்டில்தான் ஒற்றைக் காலை அந்தரத்தில் தூக்கிக்கொண்டு நின்றது.

அந்த நேரம் பார்த்து இடுப்பில் துணிக்கூடையோடு மனைவி உள்ளே வந்தாள்.

"என்னங்க, கட்டில் நொண்டி அடிக்குது?"

"அடியில அரிசி."

"அரிசிதான் சமையல்கட்டுல இருக்கே?"

"அது திங்கிற அரிசி. இது வந்து..." அந்தரத்தில் நின்ற கட்டில் காலைப் பார்த்தான். "இது முட்டுக் கொடுக்கிற அரிசி."

கட்டடத்துக்கு வெளியே கம்புகளைக் கயிற்றால் கட்டிச் சாரம் எழுப்புவது அவன் தொழில். மீசை முளைக்கும் முன்பே கம்பேறியவன். கீழே லாரி தீப்பெட்டி மாதிரி தெரிகிற உயரத்தில், ஒற்றைக் கம்பில் உட்கார்ந்து ஊதி ஊதி டீ குடிப்பான். அப்படிப்பட்டவனை உள்ளங்கையளவு போன் ஒன்று பயமுறுத்திக்கொண்டிருந்தது.

அதில் தினமும் சாயங்காலம் கோட்டுப் போட்ட ஒருவர் வந்து பேசுவார். பணவீக்கம் என்பார். வீக்கம் என்றால் சாரக்காரனுக்குத் தைலம் தேய்க்கிற விஷயம். அந்நியச் செலாவணி என்பார். அது அவன் காதில் ஏறாது. ஆனால் சரிவு என்பார், வீழ்ச்சி என்பார், அஸ்திவாரமே ஆட்டம் கண்டுவிட்டது என்பார். அதெல்லாம் இவன் தொழில் பேச்சு. கோட்டுக்காரர் சரிவு என்று சொல்லும்போதெல்லாம் இவனுக்கு உள்ளங்கால் கூசும். அவர் சரிவைப் படம் போட்டுத்தான் பார்த்திருப்பார். இவன் நேரில் பார்த்தவன். ஒரு முடிச்சு நெகிழும், ஒரு கம்பு நகரும். அப்புறம் கூப்பிடக் கூப்பிட ஒருத்தன் பதில் சொல்லமாட்டான்.

"எல்லாம் மொத்தமா சரியப் போகுதாம்," என்றான் மனைவியிடம்.

"சரிஞ்சா நமக்கென்ன? நாமதான் தரையிலயே கிடக்கோமே."

"சரியும்போது தரையில நிக்கிறவன் தலையிலதான்டி விழும்."

அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவன் கண்ணைப் பார்த்தாள். மிளகாய்ப் பழம் மாதிரி சிவந்து கிடந்தது. அவன் சரியாகத் தூங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. முந்தின நாள்தான் அவளுடைய அண்ணன் வாசலில் நின்று கத்திவிட்டுப் போயிருந்தார். அவளுக்கு அண்ணன், இவனுக்கு மச்சான். வேலையிடத்தில் இவனுக்கு மேலே இருக்கும் மேஸ்திரியும் அவர்தான்.

"தங்கச்சி, இவன் இன்னிக்குக் கால் தவறிக் கயித்தைப் பிடிச்சுத் தொங்கினான். தூங்காதவனை எல்லாம் நான் கம்பேத்த மாட்டேன். அப்புறம் உன் முகத்துல நான் எப்படி முழிக்கிறது?" அப்புறம் இவன் பக்கம் திரும்பி, "போன்ல எவனோ உளறினா அதுக்கு நடுங்குவியா? என்னைப் பாரு. நான் எதுக்காவது பயந்து பாத்திருக்கியா?"

பார்த்ததில்லை. அது உண்மை.

மூட்டை வந்த அந்த ராத்திரி கட்டில் சாய்ந்தபடியே கிடந்தது. மனைவி உருண்டு உருண்டு அவன் மேல் வந்து விழுந்தாள். சாரக்காரனுக்கு அதெல்லாம் தெரியாது. முதுகுக்குக் கீழே அரிசி இருக்கிறது என்ற நினைப்பிலேயே அடித்துப் போட்டது மாதிரி தூங்கினான். காலையில் கண் விழித்தபோது வெளிச்சம் வெளிச்சமாக இருந்தது. டீ டீயாக இருந்தது. மூட்டை இருந்த பக்கம் பார்த்து மனசுக்குள் ஒரு கும்பிடு போட்டான்.

"நல்லாத் தூங்கினீங்க," என்றாள் மனைவி. அவள் கண் மட்டும் சிவந்திருந்தது.

சாயங்காலம் வந்து பார்த்தால் கட்டில் நாலு காலிலும் நிற்கிறது. குனிந்து பார்த்தான். மூட்டையைக் காணோம்.

"கத்தாதீங்க. அண்ணன் வீட்டு ஸ்டோர் ரூமுல பத்திரமா இருக்கு. தினமும் என்னால சறுக்குமரத்துல படுக்க முடியாது."

"மச்சானுக்குத் தெரிஞ்சா என்னைக் கிழி கிழின்னு கிழிப்பாரே!"

"அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். நீங்க வாயைத் திறக்காம இருங்க."

அது நியாயமாகத்தான் பட்டது. இரண்டு நாள் தூக்கம் வந்தது. மூன்றாம் நாள் கோட்டுக்காரர் வந்து, "இது வெறும் ஆரம்பம்தான்," என்றார். சாரக்காரன் சட்டையை மாட்டிக்கொண்டு மளிகைக்கடைக்கு ஓடினான். கடைக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு உள்ளே கை காட்டினார். மூட்டை ஏற்றி இறக்குகிற வண்டிக்காரர் ஒரு மூட்டையைத் தூக்கி இவன் தோளில் வைத்தார்.

அன்றைக்கும் குறட்டை. மறுநாள் அந்த மூட்டையும் மச்சான் வீட்டுக்குப் போய்விட்டதாக மனைவி சொன்னாள்.

இப்படியே ஒன்று, இன்னொன்று என்று போய்க்கொண்டிருந்தது. கையில் இருக்கிற கம்புகளை எல்லாம் முட்டுக் கொடுத்துவிட்ட மாதிரி அவனுக்கு நெஞ்சு நிமிர்ந்தது. சாரத்தில் கால் நின்றது. மச்சான்கூட, "பரவாயில்லடா, மனுசனாயிட்ட," என்றார்.

அந்த மச்சானைப் பார்த்ததும்தான் சாரக்காரனுக்குப் புதுப் பயம் பிடித்தது.

எல்லா முட்டும் மச்சான் வீட்டில் அல்லவா நிற்கிறது? நாளைக்கே சரிவு வந்தால், மூட்டையைக் கொடுங்க மச்சான் என்று போய் நின்றால், கொடுப்பாரா? மச்சான் சோற்றுக்கு உட்கார்ந்தால் பானைக்கே கிலி பிடிக்கும். அவர் பிள்ளைகள் அவருக்குத் தப்பாமல் பிறந்தவர்கள்.

ஆகவே மச்சானுக்கும் ஒரு முட்டுக் கொடுக்க வேண்டியிருந்தது.

மறுநாள் மச்சானின் சாமான் பையை இவன் சுமந்தான். தன் டீயை அவருக்கு ஊற்றினான். எல்லார் முன்னாலும் அவர், "மாப்ளே, பொருளாதாரத்துக்கு ரெண்டு முட்டு அடிச்சுட்டு வாடா," என்று நக்கல் அடித்தபோது, முன்பெல்லாம் எரிந்து விழுகிறவன், முதல் ஆளாகக் கையைத் தட்டிச் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு வெளிச்சுவருக்குத் தானே போய் வெள்ளை அடித்தான். இறங்கும்போது வாசலில் கிடந்த அவர் செருப்பைத் துடைத்து ஜோடி சேர்த்து வைத்தான்.

மச்சான் அதைப் பார்த்துவிட்டார். முகம் ஒரு மாதிரி ஆனது.

"மாப்ளே, உண்மையைச் சொல்லு. வேற மேஸ்திரிகிட்டப் போகப் போறியா?"

"ஐயோ, இல்ல மச்சான். உங்க மேல ஒரு பாசம்."

"கல்யாணம் ஆனதுலேருந்து இல்லாத பாசம் இப்ப எங்கேருந்துடா வந்துச்சு?"

"உள்ளுக்குள்ள இருந்துச்சு மச்சான். இப்பத்தான் வெளிய வருது."

மச்சான் உள்ளே போய்விட்டார். அதற்கடுத்த நாட்களில் அவர் நக்கல் குறைந்தது. வேலையிடத்தில் அடிக்கடி சுவர்ப் பக்கம் திரும்பி நின்று போனைப் பார்த்தார். நல்ல மனுசர், நம்ம பாசத்தில் உருகிவிட்டார் என்று சாரக்காரன் நினைத்துக்கொண்டான்.

அப்புறம் ஒரு காலையில் வேலைக்குப் போனால் கேட் பூட்டிக் கிடக்கிறது. காவலாளி கம்பிக்கு அந்தப் பக்கம் பல் விளக்கிக்கொண்டு நின்றார்.

"சிமெண்ட் வரலையாம். மேல சொல்ற வரைக்கும் வேலையை நிறுத்தச் சொல்லிட்டாங்க."

"எப்ப வரைக்கும்?"

"எனக்கென்ன தெரியும்? எல்லாம் படுத்துடுச்சுங்கிறாங்க."

சாரக்காரனுக்கு உள்ளங்கால் கூசியது. காவலாளி வாய் கொப்பளித்து முடிப்பதற்குள் அவன் தெருமுனைக்குப் போய்விட்டான். பழைய இரும்பு வாங்குகிறவரிடம் மூன்று சக்கரத் தள்ளுவண்டியைக் கெஞ்சி வாங்கினான். நேராக மச்சான் வீட்டுக்குத் தள்ளினான்.

கதவைத் திறந்த மச்சானின் மனைவிக்கு முகம் வெளுத்தது.

"என்ன தம்பி, இந்த நேரத்துல? இன்னிக்கு ரெண்டு பேருக்குமே வேலை இல்லையா?"

"அக்கா, ஸ்டோர் ரூமைத் திறங்க."

"அங்க எதுக்கு? பூரா தூசி."

"தூசியா இருந்தாலும் பரவால்ல. வந்துடுச்சுக்கா, சரிவு!"

அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே பாய்ந்தான். ஸ்டோர் ரூமில் ஓட்டை வாளி இருந்தது, உடைந்த சைக்கிள் இருந்தது, காய்ந்த பெயின்ட் டப்பாக்கள் இருந்தன. மூலையில் ஒரே ஒரு மூட்டை. அதன் மேல், காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் போர்த்துகிற மாதிரி, ஒரு கம்பளி கழுத்துவரை போர்த்தியிருந்தது.

"மத்ததெல்லாம் எங்க?" என்று அலறினான்.

கைலியை இறுக்கிக்கொண்டு மச்சான் ஓடி வந்தார். "டேய், டேய்! அதைத் தொடாதே!"

"மச்சான், ஒண்ணுதான் இருக்கு! மிச்ச மூட்டையெல்லாம் தின்னு தீத்துட்டீங்களா?"

"எந்த மிச்சம்? இது என் மூட்டைடா! நேத்துதான் வாங்கிட்டு வந்தேன்!"

"நீங்களா? எதுக்கும் பயப்படாத ஆளுக்கு எதுக்கு மூட்டை?"

மச்சான் மனைவியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அப்புறம் உடைந்துபோனார்.

"நீ என் செருப்பைத் துடைச்சு வெச்ச பாரு, அன்னிக்கே எனக்குப் பயம் பிடிச்சுடுச்சுடா. இவனே இப்படிக் குழையிறான்னா, நெசமாவே என்னமோ சரியப் போகுதுன்னு தோணிச்சு. அதுலேருந்து கண்ணை மூட முடியல. இதை வாங்கிப் போட்டப்புறம்தான் நேத்துத் தூங்கினேன்."

"கதை விடாதீங்க மச்சான். இது என்னோடது." சாரக்காரன் மூட்டையின் ஒரு காதைப் பிடித்தான்.

"என்னோடது!" மச்சான் மறு காதைப் பிடித்தார்.

இரண்டு பேரும் தொழில்காரர்கள். பிடித்த பிடி விடமாட்டார்கள். மூட்டை இந்தப் பக்கம் ஒரு முழம், அந்தப் பக்கம் ஒரு முழம் என்று போய் வந்தது. பெயின்ட் டப்பாக்கள் உருண்டன. இழுத்த இழுப்பில் மூட்டை ஸ்டோர் ரூமைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, வாசற்படிக்கே வந்துவிட்டது. அந்தச் சமயம் சாரக்காரன் மனைவி மூச்சிரைக்க ஓடி வந்தாள். அண்ணி போன் போட்டிருக்க வேண்டும்.

"விடுங்க! உங்க மூட்டை எதுவும் இங்க இல்ல!"

"இல்லையா? அப்ப எங்க?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கடையில. நீங்க வாங்கிட்டு வர்றதும், மறுநாள் நீங்க வேலைக்குப் போனதும் நான் திருப்பி அனுப்பறதுமா இருந்துச்சு. ஒவ்வொண்ணும். கடைக்காரர் நல்லவர், முகம் சுளிக்காம எடுத்துக்கிட்டுப் பணத்தைத் திருப்பிக் குடுத்துடுவார்."

"அடிப்பாவி. அப்ப நான் எதை நம்பிடி தூங்கினேன்?"

"மூட்டையை நம்பித்தான். அது ஒரு ராத்திரி வீட்டுல இருந்தாப் போதும், குறட்டை ஓட்டைப் பிரிக்குது. நீங்க தூங்கினாத்தான் கம்புல கால் நிக்கும். கால் நின்னாத்தான் சாயங்காலம் முழு ஆளா வீட்டுக்கு வருவீங்க. என் பொருளாதாரம் அவ்வளவுதாங்க. அது சரியாம இருந்தாப் போதும் எனக்கு."

சாரக்காரனுக்குக் கோபம் வரவேண்டிய இடம் அது. வரவில்லை. அவன் எத்தனையோ கட்டடத்துக்கு முட்டுக் கொடுத்திருக்கிறான். பூச்சு முடிந்ததும் அதைப் பிரித்து எடுத்துப் போய்விடுவார்கள். குடி வருகிற யாருக்கும் அங்கே ஒரு சாரம் நின்றது தெரியாது. அந்த மாதிரி இவள் இத்தனை நாள் தெரியாமலே நின்றிருக்கிறாள். நன்றி என்ற சொல் அவர்கள் வீட்டில் புழங்கியதே இல்லை. எப்படிச் சொல்வதென்றும் அவனுக்குத் தெரியவில்லை.

"காலையில சாப்பிட்டியா?" என்றான்.

"இன்னும் இல்ல."

"வா, போய்ச் சாப்பிடலாம். நான் சமைக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது.

மச்சான் மட்டும் விடவில்லை. போன கெத்து அவருக்குத் திரும்பியிருந்தது. "ஏமாந்த சோணகிரி! பச்சப்புள்ளைக்குக் கிலுகிலுப்பை ஆட்டற மாதிரி மூட்டையைக் காட்டித் தூங்க வெச்சிருக்காடா உன்னை. இங்க பாரு, இது நான் வாங்கினது. இதை எவ திருப்பி அனுப்பறான்னு பாக்கறேன்!" என்று மூட்டையைக் கட்டிப்பிடித்தார்.

அவர் மனைவி என்னவோ கூரையில் விரிசல் தேடுகிறவள் மாதிரி அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

வாசலில் வண்டி மணி அடித்தது. மளிகைக்கடை வண்டிக்காரர், தலையில் சும்மாட்டைச் சரி செய்துகொண்டே படியேறினார். கடையில் வாய் திறக்காமல் தோளில் மூட்டை ஏற்றுகிற அதே மனிதர். ஆம்பிளைகள் இரண்டு பேரும் வீட்டில் இருப்பதை அவர் கவனித்த மாதிரி தெரியவில்லை. தான் திரும்ப எடுக்க வந்த மூட்டை கசங்கிக் கிடந்ததைத்தான் கவனித்தார். பதறிப்போனார்.

"அண்ணே, கையை எடுங்க, கிழிஞ்சுடப் போகுது! தெருவுல இத்தனை ஆம்பளைங்களும் தூங்கறதுக்கு இந்த ஒரு மூட்டைதாண்ணே இருக்கு."