சோற்றுப் பானையைப் பிடித்த கை

பேராசிரியரே, நீங்கள் செய்தது களவு. எண்பதுகளில் லோசானில் உங்கள் ஆய்வுகூடத்தைத் துடைத்தவன் சொல்கிறேன். அன்று சுவிஸில் இருந்த படித்தவர்கள் அத்தனை பேரையும் தராசில் போட்டாலும் எங்கள் சுருள் அண்ணையின் தட்டுத்தான் தாழும்.

யாழ்ப்பாணத்தில் ரேடியோ திருத்திய மனுசன். இங்கே அகதி விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு என்னோடு துடைப்பம் பிடித்தார். எதைக் கண்டாலும் சுற்றுவார். வயர், கயிறு, தோட்டக் குழாய். பஸ் தரிப்பில் யாரோ ஒரு பெண்மணியின் கம்பளி நூலைச் சுற்றிக் கொடுத்து மூன்று பஸ்ஸை விட்டவர். அதனால்தான் முடியைப் போன்ற கண்ணாடி நாரைச் சுற்ற நீங்கள் அவரைக் கூப்பிட்டீர்கள்.

நீங்கள் செய்தது மைக்ரோ அலை வடிகட்டி. அலையை லேசர் ஒளியில் ஏற்றி, நீள நாரிலும் குட்டை நாரிலும் ஓடவிட்டுத் திரும்பச் சேர்ப்பீர்கள். முந்தி வந்ததும் பிந்தி வந்ததும் மோதிச் சில அலைகள் சாகும், சில தப்பும். வேண்டியதைத் தப்பவைக்கத்தான் உங்களுக்குத் தெரியவில்லை. காலையில் ஒன்று தப்பும், மத்தியானம் வேறொன்று. "இதை அடக்குபவருக்குக் கட்டுரையில் பெயர், இங்கே நிரந்தர வேலை" என்றீர்கள்.

"அண்ணை, ஏன் இது இப்பிடி ஆடுது?" என்று கேட்டேன்.

"யன்னலடியில வெய்யிலுக்கை வைச்சிருக்கிறாங்களடா, விசரங்கள். சூட்டுக்கு நார் நீளுது."

மறுநாள் எங்கள் அறையிலிருந்த அலுமினியச் சோற்றுப் பானையைத் தூக்கி வந்து, நாரை அதன் மேல் சுற்றினார்.

"சுடுதண்ணி ஒரு கோப்பை விடு. பொறு, பொறு! இனிப் பச்சைத்தண்ணி அரைக் கோப்பை."

பிள்ளை குளிக்கத் தண்ணீர் விளாவுவதுபோல விளாவினார். தண்ணீரின் சூட்டுக்கு நார் நீண்டு சுருங்க, திரையில் அலை அவர் சொன்ன இடத்தில் வந்து நின்றது.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள். "இது என்ன?"

"வடிகட்டி, மெசியே" என்றார் அண்ணை, பிரெஞ்சு மரியாதையோடு.

"நேற்று?"

"நேற்று சோறு."

இரண்டு மாதம் பானை உங்களிடம். நாங்கள் சோறில்லாமல் பாண் ரொட்டியோடு கிடந்தோம்.

பிறகு சஞ்சிகையில் கட்டுரை வந்தது, பானையும் திரும்பி வந்தது. பானைக்கு "வெப்பம் கட்டுப்படுத்திய உலோக உருளை" என்று பெயர் வைத்திருந்தீர்கள். அண்ணைக்குப் பெயரே இல்லை. படத்தில் பானையும், அதைப் பிடித்த கையும். மணிக்கட்டோடு ஆளை வெட்டியிருந்தீர்கள். வேலையைக் கேட்டபோது, "எழுத்தில் ஆதாரம் உண்டா?" என்றீர்கள்.

நான் கொதித்தேன். அண்ணை படத்தை எட்டப் பிடித்துப் பார்த்தார். "படத்தில பானை நல்லா விழுந்திருக்கடா. மினுங்குது."

அன்றே பானையைக் கழுவி உலை வைத்தார்.

எனக்கு அந்த மனம் இல்லை. எத்தனையோ நாள் எனக்குச் சோறு போட்ட கை அது. யாருடைய கை என்று அதே சஞ்சிகையில், எல்லாரும் பார்க்க, எழுதுங்கள் பேராசிரியரே.