ஐந்து கொய்யா மரங்களுக்கு நான் வெட்டிய வாய்க்கால்

ஐந்து கொய்யா மரங்களை நான் கொன்றிருக்கிறேன். கை தவறி நடந்துவிட்டது என்று சொல்லித் தப்பிக்கப் போவதில்லை. மம்பட்டி எடுத்து, வியர்வை சிந்தி, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தைத் தியாகம் செய்து, முறைப்படி கொன்றேன். எங்கள் சொந்தபந்தத்தில் இதைச் சொல்லிச் சிரிக்காத ஆள் கிடையாது. சிரிக்கட்டும். ஆனால் அவர்கள் பாதிக் கதையோடு நிறுத்திவிடுகிறார்கள் (மீதியையும் சொன்னால் என் பக்கம் துளி நியாயம் வந்துவிடுமோ என்கிற பயம்). அதனால் முழுதையும் நானே சொல்லிவிடுகிறேன்.

தாராவியில் தோல் பை தைக்கிற சின்னப் பட்டறை வைத்திருப்பவன் நான். பிறந்து வளர்ந்ததும் அங்கேதான். எங்கள் சந்தில் ஒரு சைக்கிள் வந்தால், எதிரே வருகிறவர் யார் வீட்டுக்குள்ளாவது ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். மரம் என்பது ரயில் ஜன்னல் வழியாகப் பார்க்கிற சமாச்சாரம். நாற்பதை நெருங்கும்போது செம்பூரில், ஒரு பழைய கட்டடத்தில், முதல் மாடி வீடு வாய்த்தது. சமையலறை ஜன்னலைத் திறந்தால் பின்பக்கம் வரிசையாக ஐந்து கொய்யா மரங்கள். முதல் நாள் காலை என் மனைவி செல்வி ஜன்னல் வழியாகக் கையை நீட்டி ஒரு காயைப் பறித்தாள். அன்றைக்கே அந்த ஐந்து மரங்களும் எனக்குத்தான் என்று மனசுக்குள் பத்திரம் எழுதிக்கொண்டேன். (கட்டடத்தில் இருபத்து நாலு குடும்பம். அவர்களும் ஆளுக்கொரு பத்திரம் எழுதி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது.)

மூன்றாவது வருடம், மழை ஓய்ந்த சமயம், குழாயடியில் நின்ற முதல் மரம் வாட ஆரம்பித்தது. ஒரு கிளையில் மட்டும் இலை மஞ்சளாகி, சுருண்டு, கொட்டியது. பிறகு அடுத்த கிளை. காய்கள் எலுமிச்சை அளவுக்கு மேல் வளராமல், கல்லாகக் கறுத்து, காம்பிலேயே காய்ந்து தொங்கின.

எங்கள் கட்டடத்துக் குடியிருப்போர் சொசைட்டியின் செகரட்டரி மணி ஸார். மாட்டுங்காவில் மூன்று தலைமுறையாக இருந்த குடும்பம், பேங்கில் பெரிய உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மாதக் கூட்டத்தில் எழுந்து, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"அந்த முதல் மரம் போயாச்சு. மத்த நாலுக்கும் வயசாயிடுத்து. எல்லாத்தையும் எடுத்துட்டு பேவர் பிளாக் போட்டா ஆறு கார் நிறுத்தலாம். யோசிச்சுப் பாருங்கோ."

அவர் அப்போதுதான் ஒரு பெரிய கார் வாங்கியிருந்தார். அது தெருவில் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறியது. எழுந்தேன். எழுந்ததோடு நிறுத்தியிருக்கலாம்.

"நான் திருநெல்வேலிக்காரன் ஸார். எங்களுக்கு மண்ணைப் பத்தி யாரும் சொல்லித் தர வேண்டாம். ரெண்டு மாசம் குடுங்க. அந்த மரம் துளிர்க்கலைன்னா, அஞ்சையும் நீங்களே எடுத்துக்கிடுங்க!"

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்ல வேண்டும். திருநெல்வேலிக்கு நான் அதுவரை போனது இரண்டே தடவை. இரண்டும் கல்யாணம். வயலைப் பார்த்தது ஒரு தடவை, அதுவும் வேன் பஞ்சர் ஆனதால். என் அப்பாவே பத்து வயதில் தாராவிக்கு வந்து தோல் பதனிடும் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவர். ஆனால் தாராவியில் பிறந்த எங்களுக்கெல்லாம் விவசாயம் ரத்தத்தில் ஓடுகிறது என்று ஒரு நம்பிக்கை உண்டு. இங்கே பரிசோதித்துப் பார்க்க நிலம் இல்லாததால் அந்த நம்பிக்கைக்கு ஒரு சேதமும் வந்ததில்லை.

மணி ஸார் ஒரு வார்த்தை விடாமல் மினிட்ஸ் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"ஒரு மரத்துக்கு எதுக்கு அஞ்சு மரத்த பந்தயம் வச்சிய?" என்று செல்வி வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். அவள் நிஜமான விவசாயக் குடும்பம். ஸ்ரீவைகுண்டம் பக்கம் அவள் அப்பாவுக்கு வாழைத்தோட்டம். ஆகவே அவளிடம் நான் எதையும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு பக்கத்தில் கட்டட வேலை நடந்த இடத்தில் ஒரு மம்பட்டி இரவல் வாங்கினேன். வாடிய மரத்துக்கு என்ன வேண்டும்? தண்ணீர். தண்ணீர் எப்படிப் போக வேண்டும்? வாய்க்காலில். வாளியில் ஊற்றுவது நகரத்துக்காரன் வேலை. முதல் மரத்தைச் சுற்றி முழங்கால் ஆழத்துக்கு வட்டமாகத் தோண்டினேன். வெட்ட வெட்ட வெள்ளை வெள்ளையாக வேர்கள் அறுந்து வந்தன. களை என்று நினைத்துப் பிடுங்கிப் போட்டேன். அங்கிருந்து இரண்டாவது மரத்துக்கு ஒரு வாய்க்கால், அதைச் சுற்றி ஒரு வட்டம், அங்கிருந்து மூன்றாவது, அப்படியே ஐந்தாவது வரை.

செல்வி ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"ஏங்க, மண்ணு ஈரமாத்தான கெடக்கு? தண்ணியில்லாம வாடின மரம் மாதிரி தெரியலியே."

"மேல ஈரம். கீழ காஞ்சு கெடக்கு."

"அந்த மரத்துல வச்ச மம்பட்டிய அடுத்த மரத்துல வைக்காதிய. வாழையில வாடல் நோவு வந்தா, எங்கப்பா அந்த மண்ண கால்ல ஒட்டக்கூட விடமாட்டாவ."

"வாழை வேற, கொய்யா வேற. நீ உள்ள போ, டீ போடு."

போனாள். டீ வரவில்லை.

முதல் மரத்தடியில் தோண்டிய மண் குவிந்து கிடந்தது. கறுப்பாக, பொலபொலவென்று, பார்க்கவே ஆசையாக இருந்தது. இவ்வளவு நல்ல மண்ணை ஒரே மரத்துக்கு வைத்துக்கொள்வது அநியாயம் என்று தோன்றியது. கூடையில் அள்ளி மற்ற நான்கு மரங்களுக்கும் பிரசாதம் மாதிரி சமமாகப் பங்கிட்டு, காலால் மிதித்துக் கரை கட்டினேன். பிறகு குழாயைத் திறந்தேன். தண்ணீர் முதல் மரத்தைச் சுற்றி, இரண்டாவதற்கு ஓடி, ஐந்தாவது மரத்தடியில் போய்த் தளும்பி நின்றது. லுங்கியை மடித்துக் கட்டி, மம்பட்டியைத் தோளில் வைத்து, ஒரு போட்டோ எடுத்து உறவுக்காரர்களின் வாட்ஸப் குழுவில் போட்டேன். நாற்பது பேர் கும்பிடு போட்டார்கள். அந்த போட்டோ இன்றைக்கும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

மூன்று வாரத்தில் இரண்டாவது மரத்தின் இலை மஞ்சளானது. தண்ணீர் போதவில்லை என்று காலையும் மாலையும் குழாயைத் திறந்தேன். மூன்றாவது மரம் மஞ்சளானது. பட்டறைக்குப் போகுமுன் கூடுதலாக அரைமணி நேரம் திறந்தேன். நான்காவது.

மணி ஸார் காலை நடையில் வந்து வாய்க்கால் ஓரம் நின்றார்.

"முத்து, நீங்க வைத்தியம் பாக்கப் பாக்க ஒண்ணொண்ணா க்யூல வந்து நிக்கறதே!"

கல்லூரியில் படிக்கும் என் மகள் நந்தினி என்னைக் கையெடுத்துக் கும்பிட்டாள். "பப்பா, ப்ளீஸ், பஸ் கரோ, போதும். நீங்க தண்ணி விடாம இருந்தாலே அது பொழச்சுக்கும்."

கடைசியில் மானத்தை விட்டு, சுனாபட்டியில் நர்சரி வைத்திருக்கும் ஹமீது பாயைக் கூப்பிட்டு வந்தேன். கடையநல்லூர்க்காரர், பட்டறையில் எனக்குப் பழக்கமான தோல் வியாபாரிக்கு மச்சான். அவர் முதல் மரத்தின் அடிப்பட்டையைக் கத்தியால் சீவினார். உள்ளே மரம் வெளுப்பாக இல்லாமல் தவிட்டு நிறத்தில் கோடு கோடாக இருந்தது.

"அண்ணாச்சி, எது மொதல்ல வாடுச்சு?"

"இதுதான்."

"தண்ணி எங்கேருந்து வுட்டிய?"

"இங்கேருந்துதான்."

வாய்க்காலை ஒட்டியே ஐந்தாவது மரம் வரை நடந்துபோய்த் திரும்பி வந்தார்.

"மண்ணுக்குள்ள கெடக்க பூஞ்சை இது. வேரு அறுந்த எடத்துல பூந்து, தண்ணி மேல ஏறுத வழியெல்லாம் அடைச்சுப்போடும். காலடியில குளமே நின்னாலும் மரம் தாகத்துலதான் சாவும். அந்த மண்ணும் தண்ணியும் போற எடமெல்லாம் நோவும் போவும். தானா வந்திருந்தா அடுத்த மரத்துக்கு வர வருசக்கணக்கு ஆயிருக்கும். நீங்க ஆட்டோ வச்சுல்லா கூட்டியாந்திருக்கிய!"

"அஞ்சாவது பொழைக்குமா பாய்?"

அவர் அதன் ஒரு கிளையை வளைத்தார். நுனியில் இரண்டு இலை மஞ்சள். கத்தியை மடித்துப் பைக்குள் வைத்தார். செல்வி முதல் நாள் கை நீட்டிக் காய் பறித்தது அந்த மரத்தில்தான். வாய்க்காலை மண் போட்டு மூடிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து அழுதேன். நடுத்தெருவில் விழுந்து எழுந்தவனைப் போல யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிப் பார்த்துக்கொண்டே அழுதேன். முதல் மாடியிலிருந்து ஏழாவது மாடி வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் முடிந்த கூட்டத்துக்கு முந்தைய நாளே மணி ஸார் காய்ந்த மரங்களுக்கு நடுவே சுண்ணாம்பால் ஆறு கட்டம் போட்டுவிட்டார். கூட்டத்தில் மினிட்ஸ் புத்தகத்தைத் திறந்து, நான் பேசிய வீர வசனத்தை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தார். எல்லோரும் சிரித்தார்கள். செல்வியும் சிரித்தாள்.

"என்ன முத்து, வார்த்தை வார்த்தைதானே?" என்றார்.

எழுந்தேன். எல்லோருக்கும் புரியட்டும் என்று இந்தியிலேயே சொன்னேன்.

"பாஞ்சோ ஜாட் மைனே மாரா. லிக்கோ."

ஐந்து மரத்தையும் நான்தான் கொன்றேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றதும் சிரிப்பு நின்றது. மேலே பேசினேன். பந்தயம் வைத்தவன் நான். ஆனால் நான் பந்தயம் வைத்தது என் பொருளை இல்லை. அது என் அப்பன் வீட்டுச் சொத்தா? இருபத்து நாலு வீட்டுக்காரர்களின் நிழல் அது. அடுத்தவர் பொருளை வைத்து ஆடிய ஆட்டம் செல்லாது. என்னைத் திட்டுங்கள், அபராதம் போடுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் என் முட்டாள்தனத்தின் மேல் உங்கள் காரை நிறுத்த விடமாட்டேன். செத்த மரமானாலும் வெட்ட மாநகராட்சியில் அனுமதி கேட்க வேண்டும், கேட்டால் பதிலுக்குக் கன்று நடச் சொல்வார்கள் என்று ஹமீது பாய் சொல்லியிருந்தார். அந்த மனுவை அன்று காலையே என் கையெழுத்தில் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

"அந்த மண்ணுலதான் நோவு இருக்கே! மறுபடி நட்டா மறுபடி சாகும்" என்றார் மணி ஸார்.

அப்போது செல்வி எழுந்தாள். அதுவரை எந்தக் கூட்டத்திலும் அவள் வாய் திறந்ததில்லை.

"வேரோட தோண்டி எடுத்து வெளிய அனுப்பணும். சித்திர வெயில்ல மண்ண நனைச்சு, கண்ணாடி மாதிரி இருக்க பிளாஸ்டிக் தாள போட்டு ஓரம் அடைச்சு மூடணும். சூட்டுல பூஞ்சை பெரும்பாலும் செத்துரும். பெறவு தொழு உரத்தோட, நோவத் தின்னுத நல்ல பூஞ்சைப் பொடி விக்காவல்லா, அதக் கலந்து போடணும். கொய்யா வேண்டாம். சப்போட்டா வைப்போம். நான் பாத்துக்கிடுதேன்." கொஞ்சம் நிறுத்தி என்னைப் பார்த்தாள். "ஆனா, இவிய அந்தப் பக்கம் வரக்கூடாது."

நந்தினி இந்தியில் மொழிபெயர்த்தாள். கடைசி வரிக்குத்தான் அதிகக் கைதட்டல். ஓட்டெடுப்பில் பதினேழு கை மரத்துக்கு. அத்தோடு இன்னொரு தீர்மானமும் நிறைவேறியது: இன்ன வீட்டு முத்து என்பவர் மம்பட்டி, கடப்பாரை, வாளி, தண்ணீர்க் குழாய் முதலிய எந்த ஆயுதத்தோடும் மரங்களுக்குப் பத்தடி தூரத்துக்குள் வரக்கூடாது. ('ஆயுதம்' என்ற சொல்லைச் சேர்த்தவர் மணி ஸார்.)

சித்திரையும் வைகாசியும் பிளாஸ்டிக் தாள் மண்ணைப் போர்த்திக் கிடந்தது. ஒரு நாள் மணி ஸாரின் கார் பின்பக்கமாக நகர்ந்து அதன் மேல் ஏறப் பார்த்தது. பத்தடியாவது தீர்மானமாவது என்று ஓடிப்போய் காருக்குப் பின்னால் கையை விரித்து நின்றேன். அவர் ஹார்ன் அடித்தார். நான் நகரவில்லை. இறங்கி வந்து பார்த்தவர், "நீங்க தடை செய்யப்பட்ட பகுதியில நிக்கறேள்" என்றார். "கையில ஆயுதம் இல்ல ஸார்" என்றேன். காரை எடுத்துக்கொண்டு தெருவுக்கே போனார்.

மழை தொடங்கியதும் செல்வி ஐந்து சப்போட்டாக் கன்றுகளை நட்டாள். அன்றிலிருந்து எங்கள் சொந்தக்காரர் வீட்டுப் பந்தியில் நான் தண்ணீர் ஜக்கைத் தொட்டால், "ஏய், அவிய கையில குடுக்காதிய, வரிசையாப் போயிருவோம்!" என்று யாராவது கத்துவார்கள். கல்யாண மாப்பிள்ளைகள்கூட எழுந்து இலையைத் தூக்கிக்கொண்டு நகர்வதுண்டு. நானும் விடாமல் கடைசி இலை வரை ஊற்றிவிட்டுத்தான் ஜக்கைக் கீழே வைப்பேன்.

போன மாதம் ஐந்து மரமும் காய்த்தன. ஆண்டுக் கூட்டத்தில் மணி ஸாரே எழுந்து, "பாவம் முத்து, நாலு வருஷமாச்சு. அந்தத் தடையை எடுத்துடலாம்னு நினைக்கறேன். ஆட்சேபம் இருக்கறவா கை தூக்குங்கோ" என்றார்.

முதலில் செல்வியின் கை உயர்ந்தது. எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஜன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்த்தேன். கிளை கிளையாகக் காய். என் மானம் போனது போனதுதான், அதற்காக இவற்றையும் பணயம் வைக்க முடியாது. இரண்டாவது கை என்னுடையது.