ஆஜர் அண்ணனும் அசையாத மனிதர்களும்

காட்டெருமையைப் பார்த்து ‘வரிசையில் நில்’ என்று சொன்ன மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் இருந்திருக்க முடியும். அவர் எங்கள் எஸ்டேட்டில் இருந்தார். அப்பேர்ப்பட்டவர் மெழுகு பொம்மைக்குப் பயந்து என் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றார் என்றால் நீங்கள் நம்பமாட்டீர்கள். நான் நடுங்கினேன் என்றால் உடனே நம்புவீர்கள். என்னைத் தெரிந்தவர்கள் சாட்சி சொல்லவும் வருவார்கள்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தில் நான் ஆபீஸ் கிளார்க். அவர் கணக்குப்பிள்ளை. பெயர்தான் அப்படி, கணக்கைத் தப்பும் தவறுமாக நாங்கள் பார்த்துக்கொண்டோம். அவருடைய வேலை பெரட்டு. விடிந்தும் விடியாமலும் ஆட்களை வரிசையில் நிறுத்தி, பெயர் கூப்பிட்டு, இன்னார் இன்ன மலைக்கு என்று பிரித்து அனுப்புவதற்குத் தோட்டத்தில் பெரட்டு என்று பெயர். கூப்பிட்டதும் ‘ஆஜர்’ என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. இருமினால் செல்லாது. “இங்கதானே நிக்கிறேன், தெரியலீங்களா?” என்று கேட்டால் கட்டாயம் செல்லாது.

“நிக்கிறது வேற, இருக்கிறது வேற” என்பார். “வாயத் தெறந்து சொன்னாத்தான் ஆளு இருக்குன்னு அர்த்தம்.”

எல்லார் பெயரையும் கூப்பிடுகிறவரை யார் பெயர் சொல்லிக் கூப்பிடுவது? அவருக்கு ஒரு பெயர் இருந்ததே எங்களுக்கு மறந்துபோயிற்று. ஆஜர் அண்ணன், அவ்வளவுதான்.

காட்டெருமை விவகாரம் ஒரு மார்கழிக் காலையில் நடந்தது. பனிமூட்டத்தில் எதிரே நிற்பவர் மூக்கு தெரியவில்லை. வரிசையின் கோடியில் ஓர் ஆள் மட்டும் கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு கொஞ்சம் தள்ளி நின்றது. “யாரது, வரிசைய விட்டு நிக்கிறது? பேரச் சொல்லு” என்று அதட்டினார் அண்ணன். பதிலுக்கு ஒரு பெருமூச்சு. அவர் கிட்டே போனார். பெண்களெல்லாம் கூடையைப் போட்டுவிட்டு ஓடிவிட்டார்கள். அண்ணன் அதன் மூஞ்சிக்கு நேராக நின்று, “லேட்டா வந்ததுக்கு அரைப்பேரு. போ” என்றாராம். அரைப்பேர் என்றால் அரைநாள் சம்பளம். காட்டெருமை கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தச் சம்பளத்துக்கு உழைப்பதில்லை என்ற முடிவோடு சரிவில் இறங்கிப் போய்விட்டது.

இந்தப் பழக்கம் பெரட்டுக் களத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கல்யாணப் பந்தியில் இலை போட்டதும் எழுந்து ஆஜர் எடுப்பார், ரசம் ஆறும். குன்னூர் பஸ்ஸில் ஏறினால் கண்டக்டர் விசில் அடிப்பதற்கு முன் இவர் எங்கள் ஆட்களைக் கூப்பிட்டு முடிக்க வேண்டும். ஒரு வருஷம் மாரியம்மன் சப்பரம் கிளம்பும்போது, பழக்கதோஷத்தில் அம்மன் பெயரையும் கூப்பிட்டுவிட்டார். கூட்டம் வெலவெலத்துப்போய் நின்றது. பூசாரி சமயோசிதமாக அம்மன் சார்பில் “ஆஜருங்க” என்று சொல்லி சப்பரத்தை நகர்த்தினார்.

அப்பேர்ப்பட்ட அண்ணனுக்கு ரிட்டயர் ஆக மாதக்கணக்குதான் இருந்தது. போவதற்கு முன் எல்லாருமாக ஒரு டூர் போய்வரலாம் என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கிளப்பினார்கள். தலைமை தாங்கியது சரோஜா. மானேஜரே சரோஜா பேச ஆரம்பித்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எங்கே போவது என்ற கேள்விக்கு, லாரி ஓட்டும் பிக்கட்டி போஜன் பதில் வைத்திருந்தான். ஊட்டியில் ஒரு பழைய பங்களாவில் மெழுகுச் சிலைகள் வைத்திருக்கிறார்களாம்.

“நெசமான முடி. கண்ணாடிக் கண்ணு” என்றான் போஜன். “எந்தப் பக்கம் நகந்தாலும் நம்மளையே பாக்கும். கிட்டப் போனா மூச்சு உடற மாதிரியே இருக்கும், பாத்துக்கங்க.”

பெண்களுக்கு ஒரே குதூகலம். எனக்கோ மேட்டுப்பாளையத்துத் துணிக்கடை வாசலில் சேலை கட்டி நிற்கும் பொம்மையே ஆகாது. தலையில்லாத பொம்மையென்றால் சமாளித்துவிடுவேன். தலை இருப்பதுதான் தொந்தரவு. உலகப் புத்தகமெல்லாம் படித்து, பயம் என்பது அறியாமை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டே பயப்படுவேன்.

ஏற்பாடுகளைக் கிளார்க்கும் கணக்குப்பிள்ளையும் கவனிப்பார்கள் என்று மானேஜர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. ஆஜர் அண்ணன் முகத்தைப் பார்த்தேன். காட்டெருமைக்கு அசையாத முகம் வெளுத்திருந்தது.

நாங்கள் இருவரும் திட்டம் போட்ட அழகை என்ன சொல்ல. டூருக்கு ஏற்பாடு செய்வதாகச் சொல்லிக்கொண்டு, டூரைக் கெடுக்க ஏற்பாடு செய்தோம். ஒருவர் பயம் மற்றவருக்குத் தெரியக்கூடாது என்று ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்தோம். பர்லியார் பழத்தோட்டத்துக்குப் போகலாம், மங்குஸ்தான் உடம்புக்கு நல்லது என்றேன் நான். “பழத்தப் போயி பாத்துட்டு வாறதுக்கு வேனா?” என்று சரோஜா ஒரே வரியில் முடித்தாள். கேத்திப் பக்கம் மண் சரிந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன் என்றார் அண்ணன். அன்று காலைதான் அந்த வழியாக வந்தேன் என்றான் போஜன். மழை வரும் என்றேன். பங்களாவுக்குள் மழை பெய்யாது என்றார்கள். குளிரில் மெழுகு விறைத்துப் போயிருக்கும், பார்க்க நன்றாக இருக்காது என்று அண்ணன் கடைசி அம்பை எய்தார். பெண்கள் சிரித்த சிரிப்பில் அதுவும் போயிற்று.

அன்று பிற்பகல், கொழுந்து எடை போட்டு முடிந்து களம் காலியானதும், அண்ணன் ஆபீஸ் வாசலுக்கு வந்து நின்றார். மூடுபனி அவருக்குப் பின்னால் ஏறிக்கொண்டிருந்தது.

“கிளாக்கரய்யா, அந்தப் பொம்மைங்க கண்ண மூடுமா?”

“மூடாதுங்கண்ணா.”

“கூப்பிட்டா?”

“ஏனுங்கண்ணா, அது பொம்மைங்க.”

“அதத்தான் கேக்கிறேன்” என்று அவர் படியில் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் சொன்னார்.

அவர் சிலோனிலிருந்து வந்தவர் என்பது எங்களுக்குத் தெரியும். ஹட்டன் பக்கத்துத் தோட்டம். இரண்டு சர்க்காரும் ஒப்பந்தம் போட்டு, அங்கே பாதிப் பேர் இந்தியாவுக்கு, பாதிப் பேர் அங்கேயே என்று கடுதாசி வந்த காலம். அவருக்கு இந்தியா, அவருடைய அண்ணனுக்கு இலங்கை. ரயிலைக் கோச்சி என்பார் அவர். கோச்சி கிளம்பியபோது ஜன்னலில் தலையை நீட்டி, “அண்ணே, அண்ணே” என்று கத்தியிருக்கிறார். பிளாட்பாரம் முழுக்க அழுகை. அவருடைய அண்ணன் மட்டும் அழவில்லை, கையைக்கூட ஆட்டவில்லை. கண்ணைத் திறந்தபடி அசையாமல் நின்றார். வளைவு வரும்வரை இவர் கத்தினார். பதில் இல்லை. பிறகு கடிதம் வந்தது, போனது; சில வருஷத்தில் அந்த அண்ணனும் போய்விட்டார். குரலை மறுபடி கேட்கவே இல்லை.

“அந்த எடத்துல நூறு பேரு ‘அண்ணே’ன்னு கத்துறான். யாரு அண்ணன யாரு கூப்பிடுறான்னு அவருக்கு எப்புடி வெளங்கும்? பேரச் சொல்லிக் கூப்பிட்டிருக்கணும். கூடப் பொறந்த மூத்தவர எப்புடிப் பேரச் சொல்றது?” என்றார். காலியாகக் கிடந்த களத்தைப் பார்த்தபடி, “பெரட்டுன்னா சொல்லலாம். பெரட்டுல மட்டுந்தான் சொல்லலாம்” என்றார்.

கண்ணைத் திறந்துகொண்டு நிற்கிற ஆள் பதில் சொல்லாவிட்டால் தனக்கு உடம்பு ஆடிப்போகிறது என்றும், ஒரு வீடு நிறைய அப்படிப்பட்ட ஆட்கள் என்றால் தான் திரும்பி வரமாட்டோம் என்றும் சொன்னார். அவ்வளவு பெண்களுக்கு முன்னால் விழுந்துவிட்டால், இத்தனை வருஷம் போட்ட சத்தத்துக்கு என்ன மரியாதை என்றும் கேட்டார். எனக்கும் பயம்தானுங்க என்றேன், ஆறுதலாக இருக்கட்டும் என்று. “அது தோட்டத்துக்கே தெரியுமே” என்றார்.

நீங்கள் வரவேண்டாம், காய்ச்சல் என்று நான் சொல்லிவிடுகிறேன் என்றேன். அவர் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். “நா இல்லாட்டி யாரு ஆஜர் எடுக்கிறது?”

போனோம். வழியெல்லாம் பெண்கள் பாட்டு. எங்கள் இரண்டு பேர் முகமும் ஆஸ்பத்திரிக்குப் போகிற முகம். பங்களா வாசலில் அண்ணன் ஆஜர் எடுத்தார். அன்றைக்கு அவர் குரல் வழக்கத்தைவிட உயர்ந்திருந்தது. பெண்கள் முன்னால் நுழைந்தார்கள். கடைசியில் நாங்கள். அவர் என் கையைப் பிடித்திருந்தாரா, நான் அவர் கையைப் பிடித்திருந்தேனா என்பது இன்றுவரை தீராத வழக்கு.

முதல் அறையில் தலைவர்கள். போஜன் பொய் சொல்லவில்லை. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் என் செருப்பைப் பார்த்தபடி அந்த அறையைக் கடந்தேன். இரண்டாவது அறையில் சாதாரண ஜனங்கள்: முறத்தோடு ஒரு பெண், தோளில் துண்டும் தலையில் முண்டாசுமாக ஒரு குடியானவர். அங்கே கரண்ட் போயிற்று.

சரோஜா கூட்டம் அதற்குள் அடுத்த அறைக்குப் போயிருந்தது. என் கை காலியாக இருந்தது. பின்னால் நகர்ந்தேன். முதுகில் ஏதோ இடித்தது. அது சுவரா, முறத்துப் பெண்ணா என்று திரும்பிப் பார்க்கும் தைரியம் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டு, இமைக்காமல், கையைப் பாதி தூக்கிய நிலையில் அப்படியே நின்றுவிட்டேன். பயத்தில் உறைவது என்று என் கதைகளில் எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். எழுதுவது எளிது.

போன் வெளிச்சத்தோடு ஒரு மலையாளக் குடும்பம் உள்ளே வந்தது. அந்த அம்மாள் என் பக்கத்தில் வந்து நின்று, போட்டோவுக்குச் சிரித்தார். என் கன்னத்தை ஒரு விரலால் அழுத்தி, அச்சு அசல் மனிதன் மாதிரியே இருக்கிறது என்று அவர் பாஷையில் வீட்டுக்காரரிடம் மெச்சினார். என் வாழ்க்கையில் என் தோற்றத்தைப் பற்றி ஒருவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. மறுக்க மனம் வரவில்லை, வாயும் வரவில்லை.

அந்த வெளிச்சம் எதிரே இருந்த குடியானவர் முகத்திலும் விழுந்தது. திறந்த கண். மூடிய வாய். அதற்கு முன்னால் ஆஜர் அண்ணன் நின்றுகொண்டிருந்தார். வேட்டிக்குள் கால் நடுங்குவது எனக்குத் தெரிந்தது. விழப்போகிறார் என்று நினைத்தேன். அவர் விழவில்லை. முதுகை நிமிர்த்தி, பெரட்டுக் களத்தில் கூப்பிடும் அதே குரலில் கூப்பிட்டார்.

“செல்லமுத்து!”

அடுத்த அறையில் பேச்சு நின்றது. அவருடைய மூத்தவர் பெயரை அன்றுதான் முதல் தடவை கேட்டேன்.

பதில் இல்லை. எப்படி இருக்கும்? அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். இந்தத் தடவை குரல் பாதியிலேயே உடைந்தது. அந்தச் சத்தத்துக்குப் பிறகு வந்த நிசப்தம் இருக்கிறதே, அதற்கு நான் பயந்த பயத்தில் மற்ற பயமெல்லாம் ஒன்றுமில்லாமல் போயிற்று. கிளார்க்குகளுக்குப் பெரட்டு கிடையாது. அந்த வார்த்தையை என் ஆயுளில் நான் சொன்னதில்லை.

“ஆஜர்” என்றேன்.

பொம்மை பேசியதும் அந்த அம்மாள் போட்ட அலறலில் போன் ஒரு பக்கமும் குடும்பம் ஒரு பக்கமுமாகப் போயிற்று. அண்ணன் திரும்பவில்லை. குரல் யாருடையது என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. தோட்டத்தில் இருமலை வைத்தே ஆளைச் சொல்கிறவர். முண்டாசுக்காரரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

“லேட்டு. இருந்தாலும் முழுப்பேரு போட்டாச்சு.”

கரண்ட் வந்தது. வெளியே வந்ததும் எதிர்ப்புறம் இருந்த டீக்கடைக்குள் போய், ஒரு டீ சொல்லி, டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். திரும்பி வந்தால் வேன் இல்லை. ஆஜர் அண்ணன் தன் வாழ்க்கையில் ஆஜர் எடுக்காமல் வண்டியைக் கிளப்பிய ஒரே நாள் அது. விட்டுப்போன ஒரே ஆள் நான்.

பெர்ன்ஹில் போன பிறகுதான் சரோஜா, கிளாக்கரய்யாவைக் காணோமே என்று கேட்டாளாம். போஜன் வேனைத் திருப்பிக்கொண்டு வந்தான். ரோட்டோரம் நான் பேந்தப் பேந்த விழித்துக்கொண்டு நிற்கிறேன். தூரத்தில் வேன் வருகிறது. ஜன்னலில் ஒரு தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. காற்றில் முடி பறக்க, மொத்த ஊட்டிக்கும் கேட்கிற மாதிரி அது கத்தியது:

“செல்லமுத்து!”

நான் கையைத் தூக்கினேன். இரண்டு கையையும் தூக்கினேன். “ஆஜருங்கண்ணா!” என்று நானும் கத்தினேன்.

ஏறி உட்கார்ந்ததும் பெண்கள் சிரிக்கத் தொடங்கி, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் கொஞ்ச தூரத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். குன்னூர் வரும்வரை நான் அசையவில்லை. அன்று எனக்கு அதில் நல்ல பயிற்சி இருந்தது.

ரிட்டயரான பிறகு அவர் மகள் வீட்டோடு திருப்பூருக்குப் போனார். அவ்வப்போது போன் வரும். ஹலோ கிடையாது, சௌக்கியமா கிடையாது. “செல்லமுத்து?” என்பார். “ஆஜருங்கண்ணா” என்பேன். வைத்துவிடுவார். ஒரு கட்டத்தில் அந்தப் போன் நின்றுபோயிற்று. மகள்தான் கூப்பிட்டுச் சொன்னார்.

இன்றைக்கும் பஸ் ஸ்டாண்டில், கல்யாண வீட்டில், எங்கேயாவது யாராவது செல்லமுத்து என்று யாரையோ கூப்பிடுகிறார்கள். என் பெயர் அதுவல்ல. இருந்தாலும் ஒருவர் கூப்பிட்டு, பதில் இல்லாமல் நிற்கக்கூடாது என்று, வாய்க்குள்ளேயே ஒரு தடவை சொல்லிவிடுகிறேன்.