ஞானத்தகப்பனின் இடது கண்

லெஸ்கோவத்ஸ்,
வெள்ளிக்கிழமை

கண் டாக்டரும் என் அக்காள் மகளுமான யாஸ்னாவுக்கு,

மாமா ராதிசாவ் மிகுந்த மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை தேசாங்காவும் நலம், என் இடது கண் நீங்கலாக.

அடுத்த வார ஞாயிறு உன் பெண்ணுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நான். "அந்தச் சீழ் புடிச்ச கண்ணோட என் கொழந்தையத் தொட்டீங்கன்னா பாருங்க!" என்று நீ போனில் கத்தியது நியாயம்தான். ஆனால் நடந்ததைக் கேள். கண் சிவந்ததுமே உன் அத்தை சீமைச்சாமந்திப் பூவைக் காய்ச்சிக் கழுவ ஆரம்பித்தாள். இந்த ஊரில் கண்ணுக்கு வேறு வைத்தியம் உண்டென்று சொன்னால் அடிக்க வருவார்கள். கழுவிக் கழுவிக் கண் தக்காளியானது. பக்கத்து வீட்டு வுகோமான் பிளம் சாராயத்தில் துணியை நனைத்து ஒற்றிவிட்டு, மிச்சத்தை அவனே குடித்துவிட்டுப் போனான். அப்போதுதான் நீ போனில் சொன்னாய்: "மாமா, கண்ணீர்லயே எதிர்ப்பொருள் இருக்கு. கிருமி கண்ணுல ஒட்டறதுக்குள்ள அதைப் புடிச்சுக்கும். அதைப் போயி கழுவிக் கொட்டறீங்களே!"

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. கண்ணீர் அதிகமானால் காவலும் அதிகம்! குளிர்காலத்துக்காக உன் அத்தை முற்றத்தில் குடைமிளகாய் சுட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் புகையில் முகத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்து குடம் குடமாக அழுதேன். பெருமையாக உனக்குப் போன் போட்டால், "அய்யோ மாமா, பொகைக்கு வர்றது பாதி வெறும் தண்ணி. காவக்காரங்க அதே நாலு பேருதான், இப்ப வெள்ளத்துல நிக்கிறாங்க. சொட்டு மருந்து போட்டுட்டுக் கையக் கட்டிக்கிட்டு சும்மா கெடங்க" என்றாய்.

சும்மா கிடக்கிற ஆளா நான்? அதனால் உன் அத்தை என் இரண்டு கைக்கும் கம்பளிக் கையுறை மாட்டிவிட்டாள். இந்தக் கடிதமே கையுறையோடுதான் எழுதுகிறேன், கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். சிவப்பு போய்க் கண் வெளுத்துவிட்டது. தொடவே இல்லை, சத்தியம். அனுமதி கொடு அம்மாடி. பிள்ளையில்லாத என்னிடம் ஒரு குழந்தையை ஏந்திக்கொள்ளச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. நீதான் கேட்டாய்.

மாப்பிள்ளைக்கு என் வணக்கம். குட்டிக்குத் தூரத்திலிருந்தே ஆசீர்வாதம்.

அன்புள்ள மாமா,
ராதிசாவ்

பி.கு.: இதை ஒட்டப்போன நேரத்தில் நீ அனுப்பிய குழந்தையின் படம் தபாலில் வந்தது. பார்த்தேன். கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு இரண்டு கண்ணையும் நன்றாகத் துடைத்துக்கொண்டேன், கைக்குக் கிடைத்த துணியால். அது அன்று என் கண்ணில் ஒற்றிவிட்டு வுகோமான் போட்டுப்போன துணி. அது நேற்று. இன்று இரண்டு கண்ணும் சிவப்பு. மேலே கேட்ட அனுமதியை அடித்துவிடு. குழந்தையை வேறு யாராவது ஏந்தட்டும். பாதிரியார் கேட்கும்போது குழந்தையின் பெயரைச் சொல்வதை மட்டும் எனக்கு விட்டுவை; கோயில் வாசலில் நின்றே கத்திச் சொல்கிறேன். குரலில் கிருமி போகாதே?