பத்து மாதமாக அடுத்த வாரம் போகிறவள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் நாத்தனாரின் கோணல் கையெழுத்தில் வணக்கம். இங்கே எல்லாரும் சுகம். அங்கே அண்ணனும் நீங்களும் சுகமாகவும், உங்கள் மூட்டுவலி மட்டும் சுகமில்லாமலும் இருக்க வேண்டுகிறேன்.

ஒரு வெட்கக்கேட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மகள் இங்கே என் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரரிடம், "விருந்தாளிங்க, அடுத்த வாரம் கிளம்பிடுவா" என்றே சொல்லி வந்தேன். ஆள் கூடினால் வாடகையைக் கூட்டுவாரே! நீங்கள் பத்து மாதம் சுமந்து பெற்றீர்கள், நான் பத்து மாதம் மறைத்து வைத்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

இவள் வேலை பார்க்கும் கம்பெனி நீங்கள் இருக்கும் நாட்டில், கம்ப்யூட்டர் இங்கே என் தையல் மெஷின் பக்கத்தில். வருஷத்தில் நூற்று எண்பத்து மூன்று நாளாவது இங்கே குடியிருந்தாள் என்று வரி ஆபீஸ் ஒரு தாள் தரவேண்டும், அந்த அசல் தாள் வெள்ளிக்கிழமைக்குள் கம்பெனிக்குப் போகவேண்டும், போகாவிட்டால் ஒரே சம்பளத்தை இரண்டு நாடும் மாம்பழம் மாதிரி வரியாகக் கடிக்கும், இவளுக்கு மிஞ்சுவது கொட்டைதான். வரி ஆபீசில் அதிகாரியம்மா, "வீட்டுக்காரர்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வாங்க" என்றார். எனக்கென்ன தெரியும், சாப்பிட்டுக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரைக் கைகழுவ வைத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடினேன்.

"வீடு இவருதா?"

"வீடு இல்லீங்க, நான்தான் இவருது."

அதிகாரியம்மா சிரிக்கவில்லை. விசாரிக்க வீட்டுக்கு நேரிலேயே வந்துவிட்டார். வீட்டுச் சொந்தக்காரரோ பெரிய மனுஷனாக, "அந்தப் பொண்ணா? குடியிருக்கலீங்க, விருந்தாளி. அடுத்த வாரம் போயிடும்" என்றார். உங்கள் மகள் பார்த்த பார்வை நூலில்லாமலே என்னைத் தைத்துவிட்டது. நான் விடுவேனா?

"ஏங்க, மாடியில சத்தம்னு தினம் சண்டைக்கு வருவீங்களே, அது யாரு போட்ட சத்தம்?"

"அதை ஏம்மா கேக்குறீங்க! காலையில ஏழு மணிக்கு நாற்காலிய இழுக்குது. அப்புறம் 'நான் பேசுறது கேக்குதா, கேக்குதா'ன்னு ஒரே கத்தல். கேக்குது, தெருவுக்கே கேக்குது! ஒவ்வொரு நாளும் தேதி போட்டு எழுதி வச்சிருக்கேன்!"

போய் நோட்டையே எடுத்து வந்தார். அதிகாரியம்மா விரலை நனைத்து நனைத்து எண்ணினார். ஞாயிறும் லீவும் போக இருநூற்று மூன்று நாள் சத்தம்! கடைசிப் பக்கத்தில் அவரிடமே கையெழுத்தும் வாங்கினார்.

"அப்ப இது விருந்தாளி இல்லியா?" என்றார் மனுஷன், பேனாவை மூடாமல்.

"அடுத்த வாரம்தாங்க" என்றேன்.

தாள் நேற்று வந்துவிட்டது அண்ணி. இவள் என்னைக் கட்டிக்கொண்டு குதித்தாள். கீழே நோட்டில் இருநூற்று நான்கு ஏறியிருக்கும். இனி நீங்கள் நிம்மதியாகத் தூங்கலாம். அண்ணனுக்கு என் வணக்கமும், கோபம் வராதிருக்க என் வேண்டுதலும்.

உங்கள் ஒரே நாத்தனார்

பின்குறிப்பு: வெள்ளைத்தாள் கிடைக்காததால் மேசைமேல் கிடந்த ஒரு தாளின் பின்பக்கத்தில் இதை எழுதினேன். இப்போது திருப்பிப் பார்த்தால் அரசாங்க முத்திரை இருக்கிறது. வரி ஆபீஸ் வேறு தாள் தர மூன்று மாதம் ஆகுமாம். ஆகவே இந்தக் கடிதம் உங்களுக்கு வராது, கம்பெனிக்குப் போகிறது. படித்துவிட்டு அவர்கள் உங்களிடம் சொல்வார்கள்.